மழைக்காலத்து ஆழம் எழுதப்படாத குளமும் ஒரு ஏர் பம்பும்

“சித்திரை 21, காலை ஏழு மணி. தோட்டத்துக் குளம்: ஆழம் இரண்டடி இரண்டு அங்குலம். மூங்கில் கழியால் அளந்தது.” என் நோட்டில் இருக்கும் குறிப்பு இது. அளவில் பிழையில்லை. அதை மட்டும் நம்பி ஏர் பம்பு வாங்கப் போனதில்தான் பிழை.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஏழு மீன் தொட்டிகள் இருக்கின்றன. அவை என்னுடையவை. தோட்டத்தில் இருப்பது என் மனைவியுடையது. செடிகளுக்குத் தண்ணீர் பிடித்துவைக்கக் கட்டிய நான்கடி ஆழச் சிமெண்டுத் தொட்டிதான். அவள் அல்லி வைத்த பிறகு அதைக் குளம் என்று சொல்லத் தொடங்கினோம். பொம்மையார்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதி கைமாறியபோது, புதிதாக வாங்கியவர்கள் அங்கிருந்த குளத்தைத் தூர்க்கப் போவதாகச் சொன்னார்கள். அங்கே சமையல் பார்த்த அவள் தங்கை போன் செய்தாள். இவள் போய் கோய் என்னும் ஆறு அலங்கார மீன்களை இரண்டு பெயிண்ட் வாளிகளில் போட்டு பஸ்ஸிலேயே கொண்டுவந்தாள். ஐந்து மீன்கள் ஆரஞ்சும் வெள்ளையுமாக இருக்கும். ஒன்று முழுக்கக் கறுப்பு.

என் தொட்டிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பம்பு இருந்தது. குளத்துக்கு இல்லை. கோடையில் மீன்கள் மேலே வந்து திணறுவதைப் பார்த்துவிட்டு, “இதுங்களுக்கும் காத்து குடுங்க” என்று அவள் கேட்டாள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பம்பாக வாங்கிவிடலாம் என்று நோட்டை எடுத்துக்கொண்டு விழுப்புரத்தில் ஒரு கலர் மீன் கடைக்குப் போனேன்.

“எத்தினி பாயிண்ட் வேணும் சார்?” என்றார் கடைக்காரர்.

“எட்டு. ஏழு தொட்டி, ஒரு குளம்.”

“தொட்டி பிரச்சன இல்ல. குளம் எவ்ளோ ஆழம்?”

நோட்டைப் பிரித்துக் காட்டினேன். படித்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார்.

“மூங்கில் கழியா? சரி. மழ பேஞ்சா எவ்ளோ ஏறும்?”

பக்கங்களைப் புரட்டினேன். மழைநாளில் குளத்தை அளந்ததாக ஒரு வரிகூட இல்லை. மழையில் நான் தோட்டத்துப் பக்கம் போவதில்லை என்பதுதான் காரணம். அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. பதிவாகாததை நடக்காததாக எடுத்துக்கொண்டு, “அப்படி ஒண்ணும் ஏறாதுங்க” என்றேன்.

“எதுக்கு கேக்கறன்னா, காத்து ஆழமில்லாத எடத்துக்கு ஜல்தியா போய்டும். ஆழத்துக்குப் போவச் சொன்னா சோம்பேறி. ஒரே பம்புல பிரிச்சா உங்க தொட்டிங்களே எல்லாத்தயும் இழுத்துக்கும். பெருசா எடுத்துக்குங்க சார். கொஞ்சம் கத்தும், அவ்ளோதான்.”

இரண்டு பம்புகளையும் ஓடவிட்டுக் காட்டினார். பெரியது, அடுத்த தெருவில் மாவு மில் ஓடுவது போல இரைந்தது. சிறியதன் மேல் கை வைத்தால்தான் ஓடுவது தெரிந்தது. பம்பு இருக்கப்போவது முன்னறையில். நான் உட்கார்ந்து படிப்பதும் அங்கேதான். சிறியதை வாங்கினேன். “நோட்டுல இருக்கற தண்ணிக்கு இது போதும் சார்” என்று கட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, காற்றைப் பிரிக்கும் எட்டு வால்வுகளையும் திருகித் திருகிச் சமன் செய்தேன். ட்யூப் நுனியில் மாட்டிக் குளத்தில் போட்ட காற்றுக் கல்லிலிருந்து குமிழி வந்தது. “போதுமா இது?” என்றாள் மனைவி. “கடையில கேட்டுத்தான் வாங்கினேன்” என்றேன். கடைக்காரர் பெரியதை எடுக்கச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய் குளத்தில்தான் விழுகிறது. நான்காம் நாள் காலை மழை விட்டிருந்தது, வெளிச்சம் வரவில்லை. தோட்டத்திலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

“ஏங்க, இங்க வாங்க. மீனுங்க வாயத் தூக்கிக்கினு நிக்குது.”

மாடி அழுக்கு கலந்து தண்ணீர் பழுப்பாக இருந்தது. குமிழி ஒன்றுகூட இல்லை. கல் அடைத்துக்கொண்டது என்று நினைத்து ட்யூபைப் பிடித்து மேலே இழுத்தேன். பாதி வழியில் குமிழி வந்தது. கீழே விட்டேன், நின்றது. மறுபடி இழுத்தேன், வந்தது.

“மேல இருந்தா வருது, கீழ போனா வரல. இதுக்கு இன்னா அர்த்தம்?” என்றாள்.

கழியை இறக்கினேன். மூன்றடி ஏழு அங்குலம்.

“கிட்டத்தட்ட ஒன்றரை அடி ஏறியிருக்குது” என்றேன்.

“உங்க தொட்டிய போய்ப் பாருங்க. ஏழும் சோறு கொதிக்கற மாதிரி கொதிக்குது.”

போய்ப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. ஏழு வால்வுகளையும் பாதிக்கு மேல் மூடினேன். குளத்தின் குறுக்கே கழியைப் போட்டு, கல்லைக் கயிற்றில் கட்டி இரண்டடி ஆழத்தில் தொங்கவிட்டேன். குமிழி வந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. எத்தனை இறங்கின என்று எண்ணவில்லை. எல்லாவற்றையும் எண்ணுகிற எனக்கு அன்றைக்கு அது விட்டுப்போயிற்று.

அப்போதுதான் அவளிடம் கடையில் நடந்ததை முழுதாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, “சத்தம் கேட்டா உங்களுக்குப் படிக்க முடியாதா?” என்றாள்.

மறுநாள் விழுப்புரம் போய்ப் பெரியதை வாங்கி வந்தேன். குளத்துக்கு அது மட்டும் தனியாக, தொட்டிகளுக்கு முதலில் வாங்கிய சிறியது. மழை படாத இடம் வேறு இல்லாததால் இரண்டும் முன்னறையில்தான். இதை எழுதும்போதும் பெரியது இரைந்துகொண்டிருக்கிறது.

இரை போடும்போது ஐந்து மீன்கள் வருகின்றன. கறுப்பு மட்டும் வருவதில்லை. செத்து மிதக்கவும் இல்லை. குளம் நிரம்பினால் தண்ணீர் வழியும் குழாயில் வலை கட்டியிருக்கிறது, அதில் கிழிசல் இல்லை. அந்த மூன்று நாளில் கொக்கு வந்ததா என்று பக்கத்து வீட்டில் கேட்டேன், யாரும் பார்க்கவில்லை. பழுப்புத் தண்ணீரில் கறுப்பு மீன் அல்லி இலைக்கு அடியில் நின்றால் தெரியாது என்கிறாள் மனைவி. ஆறு மீனுக்கான இரையைத்தான் போடுகிறாள். தண்ணீர் தெளிய இன்னும் சில நாள் ஆகும். கறுப்பு மீன் உயிரோடு இருக்கிறதா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.