அம்பாசிடரில் புழு

எனக்குக் குமட்டல் சுலபமாக வரும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஆரஞ்சுச் சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையை உள்ளங்கையில் துப்பினால் போதும், அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்துவிடுவேன். இப்படிப்பட்ட ஆள் ஐம்பது வயதுக்கு மேல் தேடிப் பிடித்த பொழுதுபோக்கு, சின்னக் கார்கள் செய்து அவற்றின் மேல் அழுக்குப் பூசுவது.

நிஜக் காரை இருபத்துநான்கில் ஒரு பங்காகச் சுருக்கி, பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டுவோம். அம்பாசிடர் என்றால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். பெயின்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்தினால் அது பொம்மை. சக்கரத்துக்கு மேலே சேறு, கதவோரத்தில் துரு, பானட்டில் காக்காய் எச்சம், இதெல்லாம் ஏறினால்தான் கார். நிஜக் காக்காய் எச்சத்தைப் பார்த்தால் மூக்கைப் பொத்துகிற நான், அதைப் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பானட்டில் வரைந்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்த அம்பாசிடர் என் அக்கா வீட்டுக்காரருடையது. மச்சான் எழுமலையில் முப்பது வருடம் வாடகைக்கு வண்டி ஓட்டினார். பிரசவமோ பெண் பார்ப்பதோ சாவுக் கேதமோ, சுற்று வட்டாரத்துக்கு அந்த வெள்ளை வண்டிதான். முழங்கால் தேய்ந்த பிறகு வண்டி வேப்ப மரத்தடியில் நின்றது. ஒரு நாள் தெரியாத்தனமாக டிக்கியைத் திறந்தேன். உள்ளே எலி குட்டி போட்டிருந்தது. உரித்த கோழி மாதிரி ஏழெட்டு, கண் திறக்காமல் நெளிந்தன. தெருமுனை வரைக்கும் ஓடினேன். ஓடின வெட்கத்தை மறைக்க ஒரு கோபம் வேண்டியிருந்தது. மச்சான் கண் ஆபரேஷனுக்கு மதுரை வந்திருந்த வாரத்தில், அவரைக் கேட்காமலே காயலாங்கடை ஆளைக் கூட்டிப்போய் வண்டியை ஏற்றிவிட்டேன். நல்லது செய்ததாக நினைப்பு வேறு.

அன்றிலிருந்து இரண்டு வருடம் என்னோடு பேச்சில்லை. சண்டையும் இல்லை. எதிரே உட்கார்ந்து சாப்பிடுவேன். “உன் தம்பிக்கு ரசம் வேணுமான்னு கேளு” என்று அக்காவிடம் சொல்வார். அக்கா கேட்பாள். அக்காவிடம் பதில் சொல்வேன். அவர் ரசத்தை ஊற்றுவார்.

மச்சானுக்கு அறுபதாம் கல்யாணம் திருப்பரங்குன்றத்தில் என்று முடிவானதும், அந்த வண்டியைச் செய்து அவர் கையில் கொடுப்பது என்று உட்கார்ந்தேன். வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை என்னிடம் நேராகப் பேசினால் போதும். திட்டினாலும் சரி.

மூன்று மாதத்தில் வண்டி அச்சு அசலாக வந்துவிட்டது. பாக்கி, அழுக்கு. அதற்கென்று வெளிநாட்டுப் பவுடர் விற்கிறார்கள், அதை ஒட்ட மருந்தும் விற்கிறார்கள். எனக்குக் கொழுப்பு. எழுமலை வண்டிக்கு எழுமலை மண்தான் வேண்டும் என்று பஸ் பிடித்துப் போய் ரோட்டோரத்தில் ஒரு பை அள்ளி வந்தேன். மாடுகள் போகிற பாதை. அந்தப் பையில் மண் எம்புட்டு, மற்றது எம்புட்டு என்று நான் ஆராயவில்லை. ஆனால் சலிக்க வேண்டியிருந்தது. நமக்கு மணல், இந்தக் காருக்கு அது பாறாங்கல். வீட்டில் டீ வடிகட்டிதான் தோதாக இருந்தது.

“என்னங்க, டீயில ஒரு மாதிரி வாடை அடிக்குது” என்றாள் மனைவி.

“தூள் மாத்திட்டாய்ங்க போல” என்று சொல்லிவிட்டு நானும் குடித்தேன். வேறு வழி இல்லை.

மண்ணை ஒட்டுவதற்கு மைதாவைக் காய்ச்சினேன். மதுரைக்காரனுக்குப் பசை என்றால் மைதாதான். பூப்புனித நீராட்டும் கண்ணீர் அஞ்சலியும் இந்த ஊர்ச் சுவர்களில் அதை நம்பித்தான் நிற்கின்றன. மண்ணைப் பசையில் குழைத்துச் சக்கர வளைவு, அடிப்பாகம், டிக்கி ஓரம் எல்லாம் அப்பினேன். மொட்டை மாடியில் ஒரு நாள் காய வைத்தேன். ஈக்கள் வந்து உட்கார்ந்தன. ஈயையே ஏமாற்றிவிட்டோமே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை, போட்டோ கூட எடுத்தேன். சாயங்காலம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, தூசி புகாதபடி நாலு ஓரத்தையும் டேப்பால் அடைத்தேன். பசை உள்ளே ஈரமாகவே இருந்தது என்பது எனக்குத் தெரியாது. ஈக்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நாலு நாள் கழித்து, விசேஷத்தன்று காலையில் பெட்டியை எடுத்தால் உள்பக்கம் வியர்த்திருந்தது. டேப்பைப் பிரித்ததும் ஒரு வாடை, ஊசின இட்லி மாவும் சாக்கடையும் கலந்தது, முகத்தில் அறைந்தது. சக்கரங்களில் பூனை முடி போலப் பூஞ்சை. சேறு அசைந்தது. சேறு எதற்கு அசைகிறது என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன்.

அடுத்த நிமிடம் நாற்காலி மேல் நின்றிருந்தேன். புழு துரத்தாது என்பது ஏறின பிறகுதான் ஞாபகம் வந்தது.

அங்கே நின்றபடியே நண்பருக்குப் போன் போட்டேன். வண்டியூர்த் தெப்பக்குளத்துப் பக்கம் சேலைக் கடை வைத்திருப்பவர், என்னைப் போலவே கார் செய்கிறவர், எனக்கு இந்தக் கிறுக்கைப் பிடிக்க வைத்தவர்.

“புழுவாண்ணே? எம்புட்டு நீளம்?”

“கால் இஞ்ச் இருக்கும்.”

“அப்ப ஸ்கேலுக்கு அரை அடி. மலைப்பாம்புக் குட்டியா ஏத்திட்டுப் போற வண்டின்னு சொல்லிருங்க.”

“யோவ், வாந்தி வருதுய்யா.”

“வரும்ணே. கழுவுங்க. சுடுதண்ணி ஊத்திராதீங்க, பிளாஸ்டிக் நெளிஞ்சுரும்.”

“ஏற்கனவே நெளியுது.”

கழுவினேன். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, தலையைத் திருப்பிக்கொண்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால். பாதி நேரம் பிரஷ் கார் மேல் பட்டதா என்றே சொல்ல முடியாது. சேறு போய் வெள்ளைப் பெயின்ட்டில் மூத்திரக் கறை மாதிரி மஞ்சள் நின்றது. வாடை போகவில்லை. சென்ட் அடித்தேன். செத்த எலிக்கு மல்லிகைப் பூ சூட்டின மாதிரி ஆனது.

“நாற்காலிய விட்டு இறங்குன வரைக்கும் சரி, கிளம்புங்க” என்றாள் மனைவி. “நேரமாச்சு.”

மண்டபத்தில் தாலி கட்டி முடிந்து மச்சானும் அக்காவும் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். பையிலிருந்து எடுத்து அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். மச்சான் எச்சில் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் வண்டியைத் திருப்பிப் பார்த்தார். நம்பர் பிளேட்டைப் பார்த்தார். முன் பம்பரில் ஒரு நெளிசல் உண்டு, புளிய மரத்தில் இடித்தது, அதையும் செய்திருந்தேன். அதை விரலால் தடவினார். அப்புறம் அவர் மூக்கு சுருங்கியது.

டிக்கி இடுக்கிலிருந்து ஒன்று தலையை நீட்டி, யோசித்து, சேமியா பாயசத்துக்கு நாலு விரற்கடை தள்ளி இலையில் விழுந்தது.

அக்கா இலையை விட்டு எழுந்தாள். எதிர் வரிசையில் ஒரு பெரியவர் தன் பாயசத்தைச் சந்தேகமாகக் கிளறினார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். மண், வடிகட்டி, மைதா, ஈ. அந்த வேகத்தில், “உங்க வண்டியக் கேக்காம எடைக்குப் போட்டது தப்புதான் மச்சான்” என்பதும் வந்து விழுந்தது. வடிகட்டியைச் சொன்னபோது மனைவி பார்த்த பார்வையைப் பற்றி எழுதப் போவதில்லை.

மச்சான் இலையை மூடினார். ஒரு கையில் வண்டி, மறு கை முழங்காலில், மெதுவாக எழுந்தார்.

“உன் தம்பிய வரச் சொல்லு” என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் கை கழுவும் இடத்துக்கு நடந்தார்.

அந்த இடத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. தொட்டியில் சாம்பார் சோறு, வெற்றிலை எச்சில், யாரோ கொப்பளித்த அப்பளம். குழாயைத் திறந்து வண்டியைக் கவிழ்த்தார். துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவினார்.

“அடிப்பக்கம் கழுவவே இல்ல. சேறு பூராம் அங்கதான் நிக்கும். வண்டி வச்சிருந்தாத்தான தெரியும்.”

யாரிடம் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அக்கா அங்கே இல்லை. நாங்கள் இரண்டு பேர்தான்.

“பிடி. ரெண்டு கையாலயும் பிடி. மூஞ்சியத் திருப்பாத, மாப்ள.”

பிடித்தேன். அவர் ஈர்க்குச்சியால் ஒவ்வொரு சக்கரமாக நோண்டினார். என் மணிக்கட்டில் ஏதோ விழுந்து நெளிந்தது. கையை உதறவில்லை, கடைசிச் சக்கரம் முடிகிறவரை நின்றேன். வாந்தி எடுத்தது அதற்கப்புறம்தான்.