தோணிக்காரி எந்தப் பக்கம் போவாள்

இணையக் களத்தில் அந்த உரையாடல் திரியைத் தொடங்கிய அன்று எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. அப்போது புளியந்தீவில் ஒரு கொமினிகேசனில் வேலை பார்த்தேன். வெளிநாட்டுக்கு அழைப்பு எடுத்துக் கொடுப்பது, போட்டோகொப்பி அடிப்பது, தமிழ் டைப் செய்வது. முதலாளி சாப்பிடப் போகும் ஒரு மணி நேரம் கம்பியூட்டரும் ஸ்கேனரும் என் ராச்சியம். அந்த நேரத்தில்தான், உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழ் ஆட்கள் கூடிப் பேசும் இணையக் களம் ஒன்றில் ஒரு படத்தைப் போட்டேன்.

வாவியில் ஒரு தோணி, அதில் ஒருத்தி, அவள் காலடியில் பூட்டிய பெட்டி. கீழே இப்படி எழுதினேன்: "அலை வந்து இவள் வீடு போய்விட்டது. இனி இவள் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். முதலில் யார் சொல்கிறாரோ, அவர் சொன்னதுதான் நடக்கும். எதைச் சொன்னாலும் வரைவேன்."

எங்கள் வீடும் சுனாமி அலையோடு போனதுதான். கடற்கரையை விட்டு வாவிக்கு இந்தப் பக்கம் வந்து குடியேறியிருந்தோம். அதைச் சொல்லி அழ எனக்கு விருப்பமில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

மூன்று நாள் ஒரு குருவி எட்டிப் பார்க்கவில்லை. நானே வேறு பெயரில் வந்து ஏதாவது எழுதலாமா என்றுகூட யோசித்தேன், வெட்கக்கேடு! நாலாம் நாள் குளிர்நாட்டிலிருந்து யாரோ ஒருவர் எழுதியிருந்தார்: "பெட்டியைத் திற." எனக்குக் கை கால் ஓடவில்லை. அன்று பின்னேரமே கொப்பியில் வரைந்தேன். பெட்டிக்குள் என்ன வைப்பதென்று தெரியாமல் மடித்த காகிதம் ஒன்றை வைத்தேன். மறுநாள் ஸ்கேன் செய்து போட்டதும் இன்னொருவர் கேட்டார்: "அது வரைபடமா? விரித்துக் காட்டு." அப்படியே ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

அண்ணன் ஓட்டோ ஓட்டினான். காலையில் என்னைக் கடையில் இறக்கிவிட்டுத்தான் சவாரிக்குப் போவான். "வேலயத்த வேல. படத்துக்கு எவனாவது சோறு போடுறானா புள்ள?" என்பான். என்னைவிட இரண்டு வயதுதான் மூப்பு. எங்கள் பக்கம் சண்டை ஓய்ந்து, வன்னியில் கடுமையாக நடந்துகொண்டிருந்த காலம் அது. இருபத்தைந்து வயதுப் பொடியன் வெளியில் போய் வீடு திரும்பும்வரை அம்மாவுக்கு ஈரல்குலை நடுங்கும்.

கேட்டபடி வரைபடத்தை வரைந்தேன். வாவி, கரையோரக் கண்ணாப் பற்றை, பாலம், ஒற்றையடிப் பாதை. கூடவே ஆமிக்காரர் நின்று சோதிக்கும் ஒவ்வொரு சென்ரிக்கும் ஒரு சின்னச் சதுரம். யோசித்துச் செய்யவில்லை. அப்போது நாங்கள் வழி சொன்னதே அப்படித்தான். "ரெண்டாம் சென்ரி தாண்டி இடப்பக்கம் திரும்புங்க" என்போம். கோயிலையும் ஆலமரத்தையும் சொன்ன காலம் போய்விட்டிருந்தது.

அதை ஸ்கேன் செய்து, களத்திலும் போட்டுவிட்டேன். அடுத்த நாள் கொப்பியை ஓட்டோவின் பின்சீற்றில் வைத்துவிட்டு, வழியிலிருந்த சென்ரியில் வழக்கம்போல் சோதனைக்கு இறங்கி நடந்தேன். பெண்களுக்கு ஒரு தடுப்பு, ஆண்களுக்கு ஒரு தடுப்பு. நான் வெளியே வந்தபோது ஒரு சிப்பாயின் கையில் என் கொப்பி. வரைபடப் பக்கம் விரிந்திருந்தது.

"ஆர்ட கொப்பி இது?" என்று கேட்டார்.

"என்ட" என்றான் அண்ணன், நான் வாய் திறக்கு முன்பே.

அவனை உள்ளே கூட்டிப்போனார்கள். அது என்னுடையது என்று அந்த இடத்திலேயே கத்தியிருக்கலாம். நான் கத்தவில்லை. ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு, காலையில் அடுப்பை அணைத்தேனா என்று நினைத்துக்கொண்டு நின்றேன். பயம் மனிதரை எவ்வளவு கேவலமாக்கும் என்பதை அங்கேதான் கண்டேன்.

பத்து நிமிடம் கழித்து எப்படியோ கால் உள்ளே நடந்தது. உள்ளே தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் இருந்தார்.

"கொப்பி என்ட, ஐயா."

"அப்ப அவர் ஏன் தன்ட எண்டு சொன்ன?"

"அண்ணன்தானே."

அவர் பக்கங்களைப் புரட்டினார். "இது என்ன?"

"விளையாட்டு, ஐயா."

"ஆர் விளையாடுற?"

"வெளிநாட்டில இரிக்கிற ஆக்கள். அவங்க சொல்லுவாங்க, நான் வரைவன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது. ஐயோ, வெளிநாட்டார் சொல்லிச் சென்ரிகளை வரைகிறோம் என்றல்லவா ஆகிவிட்டது, அண்ணனுக்கு நானே குழி தோண்டிவிட்டேன்!

அவர் பேனையை நீட்டி, வரை என்றார். தோணிக்காரியை வரைந்தேன். தோணி பூசணிக்காய் மாதிரி வந்தது. ஆனால் முகம் அதே முகம்தான். பழைய பக்கத்தோடு வைத்துப் பார்த்தார்.

"இந்தச் சென்ரியெல்லாம் ஆர் போடச் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல ஐயா. அதில்லாம எங்களுக்கு வழி சொல்லத் தெரியாது."

அவர் அந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டார். கிராம சேவகர் வந்து அவனுக்குப் பொறுப்பாகக் கையெழுத்து வைத்த பிறகு, பின்னேரம் அண்ணனை விட்டார்கள். வீடு வந்ததும் அவன் ஓட்டோவை நிறுத்திவிட்டு நேரே போய்ப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் முதல் வேலையாக வரைபடத்தைக் களத்திலிருந்து அழித்தேன். அதன் கீழே முதல் கட்டளை காத்துக் கிடந்தது: "தோணியை நேராகச் சென்ரிக்கு விடு. பயப்படாதே!" அதற்கு எட்டுப் பேர் கைதட்டியிருந்தார்கள். எழுதியவர்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. அவருக்கென்ன, அவர் அங்கே இருக்கிறார். என் விதிப்படி அதைத்தான் வரைய வேண்டும். நான் தோணியைத் திருப்பி, கரைக்கு விட்டேன். "விதியை நீரே மீறலாமா?" என்று ஒருவர் கேட்டார். பயந்தாங்கொள்ளி என்றார் இன்னொருவர்.

அன்று பின்னேரம் அண்ணன் தானாக வந்து பக்கத்தில் இருந்தான். "என்னகா, உன்ட தோணிக்காரி என்ன செய்யிறா?"

"திரும்பி வந்திட்டா. எல்லாரும் ஏசுறாங்க."

"முதல்ல சொன்னதத்தானே வரையணும்? நீதானே விதி போட்ட?"

"நேத்து முதல்ல 'என்ட' எண்டு சொன்னது நீ. அதையும் நான் நடக்க விடல்லத்தானே" என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.

அவன் கொப்பியை வாங்கி, கிழிந்த பக்கத்தின் ஓரத்தை விரலால் தடவினான்.

"பத்து நிமிசம் நடக்க விட்டதானே புள்ள" என்றான்.

குரலில் கோபமே இல்லை. நான் ஓம் என்றேன்.