ஐந்து துணி, ஒரு கல்

"பகடையை உருட்டிப்போட்டு வந்திருக்கலாம். உமக்கேன் ஹவாய்?" என் கணவர் இன்றைக்கும் கேட்பார். என் வாத்தியார் பிழைப்பில் மண் விழுந்த கதை அது.

யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வருடம் கணக்குப் படிப்பித்தவள் நான். லண்டனில் அந்தச் சான்றிதழ் செல்லாது. தற்காலிகமாகப் படிப்பிக்கச் சில வருட அவகாசம் தருவார்கள். அதற்குள் மேற்பார்வையாளர் ஒருவர் வகுப்பைப் பார்த்துச் சரியென்று சொல்ல வேண்டும். என் அவகாசம் அந்தத் தவணையோடு முடிகிறது. அவர் வந்ததோ தவணையின் கடைசி வாரத்தில்.

பாடம் நிகழ்தகவு. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் பள்ளிக்கூடம். பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயது, கணக்கில் பின்தங்கிய பிரிவு, பகடையைக் கண்டாலே கொட்டாவி. அதனால் நூலகப் புத்தகமொன்றில் கண்ட ஹவாய் விளையாட்டை எடுத்தேன். மேசையில் ஐந்து துணி. என் சேலைகளோடு வந்து தைக்காமல் கிடந்த சட்டைத் துணிகள். ஒருவர் கல்லை உள்ளங்கையில் வைத்து, ஒவ்வொரு துணிக்கு அடியிலும் கையை விட்டு, ஏதோ ஒன்றில் கல்லை விட்டுவிடுவார். எது என்று எதிரணி சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் ஐந்துக்கு ஒரு முறை சரிவரும். அதைத்தான் பலகையில் காட்ட இருந்தேன்.

ஆனால் அந்தத் தீவுச் சனம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதில்லை. ஒளிப்பவரின் தோளைப் பார்ப்பார்கள். கல்லை விடும் நொடியில் தசை தளருமாம். அதையும் வகுப்புக்குச் சொன்னேன். பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்வதும் ஒரு படிப்பிப்பா?

பிள்ளைகள் கற்பூரமாகப் பற்றிக்கொண்டார்கள். சுவிஸிலிருந்து குடும்பத்தோடு வந்த தமிழ்ச் சிறுமி ஒருத்தி, வகுப்பில் வாயே திறக்காதவள், தொட்டதெல்லாம் சரி. பலகை முழுக்கச் சரிகள். ஐந்தில் ஒன்று என்ற கணக்கைக் காணோம்.

"ஏன் இப்படி வந்தது?" என்று கேட்டேன்.

"தோளைப் பார்த்த பிறகு ஐந்தும் சமமில்லை, மிஸ்," என்றாள் அவள், தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில்.

நிகழ்தகவில் இதற்கு மேல் என்ன இருக்கிறது?

மணி அடித்ததும், பின்வரிசையில் இருந்து பார்த்த மேற்பார்வையாளர் என்னிடம் வந்தார். "நோக்கம் ஐந்தில் ஒன்று என்று எழுதியிருந்தீர்கள். பலகையில் அது வரவில்லையே. பகடை போதுமாயிருந்தது."

விளக்கினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது அவர் மொழியிலும் இருக்க வேண்டும், அப்படித்தான் பார்த்தார். தன்னால் பரிந்துரைக்க முடியாதென்று மிக மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். பன்னிரண்டு வயதுக்கு விளங்கியது அந்த மனுசனுக்கு விளங்கவில்லை.

எல்லாரும் போன பிறகும் சிறுமி நின்று துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், லீவு முடிய நான் ஒளிக்கட்டே? இவையாலை என்னைப் பிடிக்க ஏலாது."

அவள் என்னோடு தமிழில் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஓம், நீதான் ஒளிக்கிறாய்," என்றேன். லீவு முடிந்தால் அந்த அறையில் வேறு ஆள் நிற்பார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.