பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஓர் அறிவித்தல்

அந்த அறிவித்தலைக் காலைக் கூட்டத்தில் வாசித்தவள் நான்தான். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நான் செய்த மற்ற எதைச் சொன்னாலும் இது மறைந்துபோகக் கூடாது.

கற்பிட்டிக் குடாநாட்டில் உள்ள கலவன் பாடசாலை ஒன்றில் பதினெட்டு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பெண் பிள்ளைகளின் ஒழுக்கத்துக்குப் பொறுப்பானவளும் நான். தலைமுடி, சப்பாத்து, பர்தாவின் நீளம், யார் யாரோடு கதைக்கிறார்கள் என்பதெல்லாம் என் பார்வையில் இருக்க வேண்டிய விடயங்கள். ஆண் பிள்ளைகளின் ஒழுக்கத்துக்கென்று ஒருவர் இருக்கவில்லை. அதை ஒரு குறையாக நான் நினைத்ததும் இல்லை.

அறிவித்தலுக்கு ஒரு கிழமைக்கு முன்னர், இடைவேளையில், தரம் பதினொன்றில் படிக்கும் மூன்று பிள்ளைகள் ஆய்வுகூட வாசலுக்கு வந்தார்கள். இரண்டு பேர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாமவள் கதைத்தாள். வாப்பா கடலுக்குப் போகிறவர், உம்மா மிளகாய்த் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர். வகுப்பில் சத்தமாகக் கேள்வி கேட்கிற பிள்ளை. அன்று அவளுடைய சத்தம் சின்னதாக இருந்தது.

கணினி அறைக்குப் பின்னேரப் பயிற்சிக்குப் போகும்போது அங்குள்ள ஆசிரியர் கதிரைக்குப் பின்னால் வந்து நிற்கிறாராம். மவுஸைப் பிடித்திருக்கும் கையைச் சேர்த்துப் பிடிக்கிறாராம். இழுத்தாலும் விடுவதில்லையாம். உடம்பைப் பற்றிக் கதைக்கிறாராம். போனுக்குச் செய்தி அனுப்புகிறாராம். பதில் போடாத பிள்ளைக்குச் செயன்முறைப் புள்ளி இல்லை என்கிறாராம். எங்கள் பக்கத்து மணல் காற்றில் எழும்பி உள்ளே வந்துவிடும் என்பதால் அந்த அறையின் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். மாதக்கணக்காக அந்தக் கதவைக் கடந்து போயிருக்கிறேன்.

நான் கேட்டுவிட்டுச் சொன்னேன்: "தனியப் போகாதீங்க புள்ளையள். மூணு பேரும் சேர்ந்தே போங்க. பர்தாவ ஒழுங்கா இழுத்துப் போடுங்க."

"சேர்ந்துதான் போற டீச்சர்," என்றாள் அவள். "ஒழுங்காத்தான் போட்டிருக்கம்."

நான் சொன்னது வாயில் தயாராக இருந்த வார்த்தை. யோசித்துச் சொன்னதல்ல. அதனால்தான் அது இன்னும் உறுத்துகிறது.

அன்றைக்கே அதிபரிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "நான் அவரோட கதைக்கிறன் டீச்சர். இத வெளிய கொண்டு போகாதீங்க. பொம்புளப் புள்ளைகள்ட பேர்," என்றார். நானும் தலையாட்டினேன். பாரம் இறங்கியது போல இருந்தது. இனி அது அவருடைய வேலை.

அதிபர் அவரோடு கதைத்ததன் முடிவாக ஒரு தாள் வந்தது. பாதுகாப்புக் கருதி இனிமேல் பெண் பிள்ளைகள் ஒன்றரை மணிக்குப் பிறகு பாடசாலையில் நிற்கக் கூடாது. பின்னேரக் கணினிப் பயிற்சி ஆண் பிள்ளைகளுக்கு மட்டும். பெண் பிள்ளைகளுக்குப் பொறுப்பானவள் என்பதால் வாசிக்கச் சொல்லி என் கையில் தந்தார்கள்.

வாசித்தேன். வாசித்து முடிக்க முன்னரே வரிசையில் ஒரு கை உயர்ந்தது, ஆய்வுகூட வாசலில் கதைத்த அதே பிள்ளை. காலைக் கூட்டத்தில் யாரும் கை உயர்த்துவதில்லை. அதற்கு ஒரு வழக்கமே கிடையாது.

"டீச்சர், தப்புச் செஞ்சவங்க நிக்கிறாங்க. நாங்க என்னத்துக்குப் போகணும்?"

ஆசிரியர் வரிசையில் அந்த ஆள் சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டு நின்றார். அறுநூறு பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வந்தது மூன்று வார்த்தை: "அதப் பிறகு கதைப்பம்."

பிறகு நான் கதைக்கவில்லை.

அடுத்து வந்த நாட்களில் என்னால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. வீட்டில் சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போவேன், முற்றத்துக்கு ஏன் வந்தேன் என்று தெரியாமல் நிற்பேன். ஒரு கட்டு விடைத்தாளைத் திருத்தி முடித்த பிறகுதான், இரண்டாவது கேள்விக்கு எல்லாப் பிள்ளைக்கும் பிழையான புள்ளி போட்டிருப்பது தெரிந்தது. தென்மேல் காற்று தொடங்கியிருந்த காலம். காற்றாலைகள் ஓயாமல் சுற்றின. ஜன்னல் ஒன்று அடித்தால்கூட நான் திடுக்கிட்டேன்.

ஒன்றரை மணிக்குப் பெண் பிள்ளைகள் படலையால் வெளியே போவதை ஆய்வுகூட ஜன்னலில் இருந்து பார்ப்பேன். அதே நேரம் ஆண் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு கணினி அறைக்குள் போவார்கள். ஒருநாள் வகுப்பைப் பூட்டப் போனபோது மேசைக்குள் ஒரு பிரிஸ்டல் போர்ட் அட்டை கிடந்தது. அதில் அடிமட்டம் வைத்து விசைப்பலகை ஒன்று கீறியிருந்தது. எழுத்து, இலக்கம் எல்லாம் சரியான இடத்தில் இருந்தன. சில கட்டங்களில் பென்சில் கறுப்பு விரல் பட்டு மங்கிப்போயிருந்தது. வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகள் அதில் தட்டிப் பழகியிருக்கிறார்கள். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது கிழமை, கேள்வி கேட்ட பிள்ளையின் உம்மா என்னைத் தேடி வந்தார். தோட்டத்தில் இருந்து நேராக வந்திருந்தார். மிளகாய்க் காரம் கையில் இருந்ததால் கண்ணைத் துடைக்கவில்லை, புறங்கையால் முகத்தை ஒற்றிக்கொண்டார். கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

"அந்தக் கம்பியூட்டர் சேர்ட ஆக்கள் ஊட்டுக்கு வந்தாங்க டீச்சர். பிஸ்கட் பெட்டியோட. புள்ளைட பேர் கெட்டுப் போகும், நாளைக்கு ஒரு கலியாணம் பேச ஏலாது எண்டு சொன்னாங்க. வாப்பா கடலுக்குப் போன நேரம் பாத்து வந்திருக்காங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பெட்டியத் திருப்பிக் குடுத்த. வேற என்னத்தச் சொல்ற?" முகத்தை மறுபடி ஒற்றிக்கொண்டு, "அதிபரும் கூப்பிட்டாரு. புள்ள மன்னிப்புக் கேட்டா நற்சான்றிதழ்ல ஒண்டும் எழுத மாட்டாங்களாம். என்ன மன்னிப்பு டீச்சர்? கேள்வி கேட்டதுக்கா?" என்றார்.

 அவர் தொடர்ந்தார்: "நான் எட்டோட நின்டவ. இப்பிடிக் கடிதமெல்லாம் எழுதத் தெரியா. எங்கட புள்ள சொன்னாப் பொய் எண்டுறாங்க. நீங்க அண்டைக்குக் காதால கேட்டீங்க. கேட்டத மட்டும் எழுதித் தாங்க. வேற ஒண்டும் வேணாம்."

"யோசிச்சுச் சொல்றன்," என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. எதிர்பார்த்ததுதான் என்ற மாதிரி இருந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "எழுதினா அந்த ஸ்கூல்ல உங்களால இருக்க ஏலாது," என்றார். கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "எழுதாட்டியும் இருக்க ஏலாது போலத்தான் தெரியிது. மூணு நாளாத் தேத்தண்ணிக்குச் சீனி போட மறந்துட்டுத் தாறீங்க," என்றார்.

அடுத்த நாள் காரியாலய அலுமாரியில் சுற்றுநிருபக் கோவையைத் தேடி எடுத்தேன். இப்படியான முறைப்பாடு ஒன்று காதில் விழுந்தால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது: எழுத்தில் அறிவிக்க வேண்டும், முறைப்பாடு செய்த பிள்ளையின் படிப்புக்குத் தடை வரக் கூடாது, குற்றம் சாட்டப்பட்டவரைப் பிள்ளைகளிடம் இருந்து விலக்கி வைக்க வேண்டும். கீழே, வாசித்தோம் என்று ஆசிரியர்கள் ஒப்பமிட்ட வரிசையில் நான்காவதாக என் கையெழுத்து. வாசிக்காமலே போட்டது.

அன்றைய நான்கு பாடத்தையும் படிப்பித்துவிட்டு, இருந்து எழுதினேன். பிள்ளைகள் சொன்னதை எழுதினேன். நான் சொன்ன புத்திமதியையும் எழுதினேன். அறிவித்தலை வாசித்ததையும் எழுதினேன். அந்த இரண்டையும் எழுதும்போதுதான் கை நின்று நின்று போனது.

பிள்ளை, அவளுடைய உம்மா, நான் மூவரும் புத்தளத்துக்கு பஸ் ஏறினோம். வலயக் கல்விப் பணிமனையில் கடிதத்தை வாங்கி முத்திரை குத்தினார்கள். அங்கிருந்து சிறுவர் உரிமை உத்தியோகத்தரிடம் அனுப்பினார்கள். அவர் ஒரு சிங்களப் பெண். என் மகளாக இருக்கக்கூடிய வயது. தமிழ் கொஞ்சம்தான் தெரியும் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, மொழிபெயர்க்க முடியுமா என்று என்னிடம் கேட்டார்.

பிள்ளை சொல்லச் சொல்ல நான் சிங்களத்தில் சொன்னேன். மூன்றாவது வசனத்தில் அவள் என்னை நிறுத்தினாள்.

"இல்ல டீச்சர். நான் அப்பிடிச் சொல்லல்ல."

"என்ன புள்ள?"

"கையில தொட்டாரு எண்டு சொல்லிட்டீங்க. நான் சொன்னது, புடிச்சாரு, இழுத்தும் விடல்ல எண்டு. ரெண்டும் ஒண்டில்ல."

அவளுக்குச் சிங்களம் தெரியும் என்பதையே நான் யோசிக்கவில்லை. மீன் ஏலத்துக்கு வாப்பாவோடு போய்ப் பழகியதாம். நான் வேண்டுமென்று மாற்றவில்லை. ஆனால் நாக்கு தானாகவே மென்மையான சொல்லைத் தேடிப் போயிருந்தது. உத்தியோகத்தர் பேனையைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்கோ தங்கச்சி, மெதுவா," என்றார், தட்டித் தடுமாறிய தமிழில். அதன் பிறகு அவளே சிங்களத்தில் சொன்னாள். உம்மா மகளின் முதுகில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். நான் சுவரோரக் கதிரைக்குப் போனேன். 

விசாரணை வந்தது. வேறு பிள்ளைகளின் போன்களிலும் அதே மாதிரிச் செய்திகள் இருந்தன. சிலருடைய பெற்றோர் காட்டச் சம்மதித்தார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். ஆசிரியர் அறையில் நான் உள்ளே போனால் கதை நின்றுவிடும். "குடும்பஸ்தன்ட சோத்துல மண் அள்ளிப் போட்டுட்டீங்களே," என்று என் வயதுடைய ஓர் ஆசிரியை நேராகவே கேட்டார். "பதினஞ்சு வயசுப் புள்ளைகள்ட படிப்புல யாரு போட்ட?" என்று கேட்டேன். 

முதலில் அந்தக் கணினி ஆசிரியரைக் குடாவுக்கு அந்தப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு மாற்றினார்கள். எல்லோரும் முடிந்தது என்றார்கள். பிள்ளையின் உம்மாதான் கேட்டார்: "அங்கயும் புள்ளைகள் இருக்காங்கதானே டீச்சர்?" மறுபடியும் எழுதினோம், மறுபடியும் பஸ் ஏறினோம். இரண்டு மாதத்துக்குப் பிறகு பணியில் இருந்து இடைநிறுத்தினார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, தவணை தவணையாகப் போகிறது.

அறிவித்தலை நீக்கும்படி பணிமனையில் இருந்து கடிதம் வந்தது. அதிபர் அதை அறிவித்தல் பலகையில் குத்திவிட்டு விடப் பார்த்தார். காலைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும் என்று கேட்டேன். வாசித்தேன். முதல் அறிவித்தலை வாசித்தது பிழை என்றும் சொன்னேன். கைதட்டல் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் வகுப்புக்குப் போனார்கள். அன்று ஒன்றரை மணிக்குப் பதினொரு பெண் பிள்ளைகள் கணினி அறைக்குள் போனார்கள். புதிதாக வந்த ஆசிரியை கதவைத் திறந்து வைத்திருந்தார். மணல் உள்ளே வந்தது, கூட்டினார்கள்.

கேள்வி கேட்ட பிள்ளை சாதாரண தரம் எழுதி முடித்து, இப்போது உயர்தரத்தில் தொழினுட்பம் படிக்கிறாள். என்னோடு மரியாதையாகக் கதைப்பாள். பழைய மாதிரி நெருக்கமாக அல்ல. அதைக் கேட்டு வாங்கும் உரிமை எனக்கு இல்லை.

என்னை இருக்கவிடாமல் செய்வது மற்றொன்று. அன்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற இருவரில் ஒருத்தி, அறிவித்தல் வந்த கிழமையே பாடசாலையை விட்டுவிட்டாள். கை உயர்த்திக் கேட்க அவளுக்கு வாய் இருக்கவில்லை. பிறகு கதைப்போம் என்று நான் விட்டிருந்த நாட்களுக்குள் வீட்டில் முடிவெடுத்துவிட்டார்கள். அவளுடைய வீடு கடற்கரைப் பக்கம். மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை, சுகமில்லை என்றார்கள். இரண்டாம் முறை, மாமி வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். போன சனிக்கிழமை, சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம், நான் வீட்டுக்கே வந்து சொல்லித் தருகிறேன் என்று அவளுடைய உம்மாவிடம் சொன்னேன்.

உம்மா தாளை வாங்கவில்லை. "அவ இப்ப தையல் பழகுறா டீச்சர். சந்தோசமா இருக்கா," என்றார்.

உள்ளே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த சத்தம், என் குரல் கேட்டதும் நின்றது. தாளை வாசல் கதிரையில் வைத்து, பறக்காமல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு வந்தேன். விண்ணப்பம் ஏற்கும் கடைசி நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.