நைனா மாமரத்தில் ஏறினார்

எங்கள் அம்மா ராணியம்மாள், தன் மூன்று பிள்ளைகளும் படிக்கக் கற்றுக்கொண்ட கதையை யார் வந்தாலும் சொல்வாள். கேட்காவிட்டாலும் சொல்வாள். உர மூட்டை இறக்க வந்த ஆளைக்கூட மோர் கொடுத்து உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறாள். அதில் அண்ணன் ராஜாராமுக்கு ஒரே வரிதான். ஒரு வருஷம் முழுக்க 'அ'விலேயே குந்திக்கொண்டிருந்தான் என்பாள். எனக்கு அதுகூடக் கிடையாது. கடைக்குட்டி என்பதால் நான் தானாகவே படித்துவிட்டேனாம். அக்கா தேவகியின் கதைதான் பெரியது. அதிலும் ஒரு இடம் வந்ததும் அம்மா "அப்பறம் பாஸாயிட்டா" என்று ஒரே தாண்டாகத் தாண்டிவிடுவாள். நடுவில் விட்டுப்போனதை நாங்கள் அப்பாவிடம், எங்கள் நைனாவிடம், கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அவர் அதை ஒரு வார்த்தை விடாமல் சொல்வார்.

மானாம்பதிக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர் எங்களுடையது. கொஞ்சம் நெல், மிச்சம் எல்லாம் வேர்க்கடலை. அம்மா பிறந்தது காவாந்தண்டலத்தில். மூன்றாம் வகுப்புவரை படித்தாள். தம்பி பிறந்ததும் அவனைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று நிறுத்திவிட்டார்கள். கல்யாணத்தில் தனக்கு எடுத்த புடவை சாயம் போனதைக்கூட அம்மா மன்னித்துவிட்டாள், இதை மன்னிக்கவில்லை. அந்தத் தம்பி பெரியவனாகி மீசையோடு விருந்துக்கு வந்தாலும், உன்னால்தான் எனக்குப் படிப்பு போச்சு என்று சொல்லிவிட்டுத்தான் இலை போடுவாள்.

அம்மா புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். ஊரில் எந்தப் பெண்ணும்தான் சொல்வதில்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும். ஆனால் அம்மாவிடம் அது கொஞ்சம் அதிகப்படி. நைனாவின் பேர் முத்துவேல், ஊரில் எல்லோருக்கும் முத்து. அதனால் எங்கள் வீட்டில் கொட்டமுத்து என்ற பேச்சே கிடையாது, அது 'விளக்கெண்ணெய்க் கொட்டை'. முத்துமாரியம்மன் வெறும் மாரியாத்தா. கத்தரிக்காய் முத்திப்போனால் 'வயசாயிடுச்சு' என்பாள். கணக்கெடுக்க வந்தவர் வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டபோது, பக்கத்து வீட்டுச் சொக்கம்மாளைக் கூப்பிட்டுச் சொல்லவைத்தாள். நைனாவைக் கூப்பிட 'தேவகி நைனா' போதுமானதாக இருந்தது. தேவகி பிறப்பதற்கு முன்பு என்ன செய்தாய் என்று கேட்டால், இருமுவேன் என்பாள்.

எழுபத்தாறாம் வருஷம் தேவகி இரண்டாம் வகுப்பில் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் எல்லா வகுப்புக்கும் ஏகாம்பரம் சார் ஒருவர்தான். ஒரு மூலை வாய்ப்பாடு கத்த, இன்னொரு மூலை பாட்டுப் பாட, நடுவில் அவர் பிரம்போடு உலவுவார். அந்தத் தை மாதம் தேவகிக்கு அம்மை போட்டுவிட்டது. பிள்ளையை வேப்பிலையில் படுக்கவைத்துவிட்டு அம்மா வேறொன்றுக்குப் பயந்தாள். பொட்டைப் பிள்ளை ஃபெயிலானால் நிறுத்திவிடலாம், கடலைக் கொல்லையில் காக்காய் ஓட்ட ஆள் இல்லை என்று நைனா பொங்கலுக்கே சொல்லியிருந்தார். நைனா கெட்ட மனுஷர் இல்லை. ஊரில் எல்லோரும் செய்வதைச் சொன்னார், அவ்வளவுதான். அம்மாவுக்கோ தன் கதை மறுபடியும் தன் பிள்ளைக்கு நடக்கப்போகிறது என்று பட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரைகூடக் காத்திருக்கவில்லை. பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேப்பிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதல் பாடத்திலேயே வினை வந்தது. 'முத்து மாமரத்தில் ஏறினான்' என்று ஆரம்பித்தது அது.

அம்மா விரலை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். அந்த வார்த்தையைத் தாண்டிப் போகலாம், ஆனால் தாண்டிப் படிப்பது படிப்பே இல்லை என்று காவாந்தண்டலத்து வாத்தியார் சொல்லியிருக்கிறார். பாடத்தையே விட்டுவிடலாம், ஆனால் பரீட்சையில் அதையே கேட்டுவிட்டால் என்ன செய்வது. கடைசியில் அந்த எழுத்துகளின் மேல் விரலை அழுத்தி, நிதானமாக, 'நைனா' என்று படித்தாள். நைனா என்றபிறகு ஏறினான் என்றால் மரியாதையாக இல்லை. ஆகவே, ஏறினார்.

"நைனா மாமரத்தில் ஏறினார். நைனா காய் பறித்தார். கிளை முறிந்தது. நைனா கீழே விழுந்தார்."

தேவகிக்கு அந்தப் பாடம் அப்படியே பிடித்துக்கொண்டது. புத்தகத்தில் தன் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? அன்று சாயங்காலம் வயலிலிருந்து வந்தவரின் முழங்காலைத் தடவிப் பார்த்து, வலிக்குதா என்று கேட்டாளாம். அம்மைக் காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று நைனா விபூதி பூசிவிட்டார்.

வருஷக் கடைசியில் படிப்புப் பரீட்சை வந்தது. ஏகாம்பரம் சார் திறந்தது அதே பக்கம். தேவகி எழுந்து, விரலை வைத்து, உரத்த குரலில் நைனாவை மரத்தில் ஏற்றி இறக்கினாள். வகுப்பு சிரித்தது. சார் அது முத்து என்றார். இல்லை, நைனா என்றாள். அவர் எழுத்து எழுத்தாகக் காட்டினார். அவளும் எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டு நைனாதான் என்றாள். இது படிக்கவில்லை, மனப்பாடமாகக் கதை விடுகிறது என்று சார் முடிவுக்கு வந்தார். வேறு பக்கங்களைத் திருப்பிக் காட்டினார். தான் படித்ததைப் பொய் என்று சார் சொல்லிவிட்டதால் எதற்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. இந்த வருஷம் பாஸ் போடமுடியாது என்று வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்.

நைனா சரி என்றார். அம்மா சோறு சாப்பிடவில்லை. வாத்தியாரை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று பிடிவாதமாக நின்றாள். மறுநாள் உத்திரமேரூருக்குக் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு போன வண்டியை நைனா பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில் நிறுத்தினார். வண்டியை விட்டு அவர் இறங்கவில்லை.

உள்ளே சார் நடந்ததைச் சொன்னதும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அது அவங்க பேரு சார் என்றாள். ஏகாம்பரம் சாரும் ஊர்க்காரர்தான். அவர் மனைவி அவரை 'வாத்தியாரு' என்றுதான் கூப்பிடுவாள். சிரித்துவிட்டு, பிள்ளை இந்தப் பக்கத்தைச் சரியாகப் படித்துவிட்டால் போதும், பாஸ் போட்டுவிடுகிறேன் என்றார். அம்மா தேவகியைப் பக்கத்தில் இழுத்து, சார் சொல்கிறபடி படிக்கச் சொன்னாள்.

தேவகி புத்தகத்தைப் பார்த்தாள், சாரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"நீ சொல்லும்மா. நீ சொன்னாத்தான் படிப்பேன்."

எங்கள் அக்காவின் இந்தக் குணம் இன்றைக்கும் மாறவில்லை, அத்தான் சாட்சி. சார் சொல்லிப் பார்த்தார். பக்கத்திலிருந்த பையன்கள் சொல்லிப் பார்த்தார்கள். முதல் நாள் நைனா என்று சொல்லிக்கொடுத்தது யாரோ, அவரேதான் மாற்றிச் சொல்லவேண்டும் என்று அவள் நின்றாள். ஒரு விதத்தில் நியாயம்தான்.

அம்மா நின்ற நிலையை நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாக இருக்கும். ஒரு பக்கம் பிள்ளையின் படிப்பு, இன்னொரு பக்கம் வெளியே வண்டியில் உட்கார்ந்திருக்கிறவரின் ஆயுசு. அம்மாவுக்கு அது விளையாட்டில்லை, நிஜமாகவே நம்பினாள். சுவர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. காதில் விழவில்லை என்றாள் தேவகி. கண்ணை மூடிக்கொண்டு, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து அம்மா சொன்னாள். அது ஊரே கேட்கும்படி வந்துவிட்டது.

"முத்து."

புளியமரத்தடியிலிருந்து உடனே பதில் வந்தது.

"இன்னா?"

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் வாய்ப்பாடு கத்தின மூலைகூட நின்றுபோயிற்று. வீட்டுக்காரி பேர் சொல்லிக் கூப்பிட்டால் உயிர் போகிற விஷயமாகத்தான் இருக்கும் என்று நைனா மாட்டை அப்படியே விட்டுவிட்டுச் சாட்டையோடு ஓடிவந்து வாசலில் நின்றார். அம்மா சுவரைவிட்டுத் திரும்பவே இல்லை. தேவகி மட்டும் எதையும் கவனிக்காமல் விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். முத்து மாமரத்தில் ஏறினான், காய் பறித்தான், கீழே விழுந்தான். ஒரு எழுத்து தவறவில்லை. எல்லாம் முடியும்வரை நைனா சாட்டையைக் கையில் பிடித்தபடி நின்று கேட்டார். காக்காய் ஓட்டுகிற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

வண்டியில் திரும்பும்போது, இன்னொரு தபா கூப்பிடு என்று கேட்டாராம். அம்மா அந்த ஆடியில் மாரியாத்தாளுக்குக் கூழ் ஊற்றினாள். அந்த வருஷம் முழுக்க நைனா தும்மினால்கூடக் கொல்லைக்கு விடவில்லை. நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நைனாவோ அந்த வருஷம்தான் நன்றாகச் சதை போட்டார்.

நான் இரண்டாம் வகுப்புக்கு வந்தபோது பல வருஷம் ஆகிவிட்டது. புத்தகம் மாறவில்லை. பாடத்தைச் சொல்லிக்கொடுக்க அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்ததும், எங்கள் படிப்புப் பக்கமே வராத நைனா அன்று கயிறு திரிப்பதற்கு நாரை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். கொட்டகையில் இடம் இல்லையா என்று அம்மா கேட்டாள். இங்கேதான் காற்று வருகிறது என்றார்.

எனக்கு அந்த வார்த்தை தெரியும். வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். தன் விரலை எழுத்தின் மேல் வைத்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அவளே படித்தாள்.

"முத்து."

"ம்" என்றார் நைனா, நாரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அம்மா அடுத்த வரிக்குப் போனாள். அன்று அந்தப் பாடம் முழுவதையும் அவள்தான் படித்தாள், நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். வந்த முத்துவுக்கெல்லாம் நைனா ம் சொன்னார், மரத்திலிருந்து கீழே விழுந்தவனுக்கும் சேர்த்து.