லெப்டொப்புக்கு ஒரு சட்டை

எங்கள் வீட்டில் எந்தச் சாமானும் வெறும் உடம்போடு இருக்காது. டிவி ரிமோட்டுக்குப் பொலித்தீன் உறை, ரைஸ் குக்கருக்குப் பூப்போட்ட துணி, மூக்குக் கண்ணாடிப் பெட்டிக்கு இன்னொரு பெட்டி. கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற அப்பா தையல் மெஷினில் உட்கார்ந்தாரென்றால், வீட்டில் ஏதோ ஒன்றுக்குச் சட்டை வரப்போகிறது என்று அர்த்தம். கண்டிக்குப் பக்கத்துக் குண்டசாலையில் எங்கள் வாசலை ஒட்டித்தான் பஸ் பாதை. தூசு வருவதும் உண்மைதான்.

நான் வீட்டுப் பிளான் வரைகிறவள். ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு, பழைய லெப்டொப் ஒன்றை வாங்கி வீட்டிலிருந்தே வரையத் தொடங்கினேன். அப்பா சும்மா இருப்பாரா? தவிட்டு நிற ரெக்சினில் அதற்கும் ஓர் உறை தைத்தார். ஓரத்தில் சிவப்புப் பைப்பிங் வேறு. சார்ஜர் குத்த ஓட்டை, பென் டிரைவ் குத்த ஓட்டை எல்லாம் அளந்து வெட்டியிருந்தார். மாட்டிவிட்டால் வேலை செய்யும்போதுகூடக் கழற்றத் தேவையில்லை. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. அதை அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

அலவத்துகொடவிலிருந்து ஒரு முஸ்லிம் நானா வந்து புது வீட்டுக்குப் பிளான் கேட்ட சமயத்தில்தான் திரையில் கோடு விழ ஆரம்பித்தது. எனக்குக் கிடைத்த முதல் முழு வீடு அது. அதுவரை குசினியை நீட்டுவது, மாடிக்குப் படி வைப்பது என்று சில்லறை வேலைகள்தான். “தங்கச்சி, கோடு கோடா வரைஞ்சா எங்க வீட்டுல அவங்களுக்கு வெளங்காது. கலர்ல, வீடு மாதிரியே காட்டணும். அதைப் பார்த்துட்டுத்தான் முடிவு” என்று சொல்லியிருந்தார். இது கைவிட்டுப் போனால் நான் திரும்பவும் கடைக் கணக்குக்குப் போக வேண்டியதுதான். அந்தக் கலர்ப் படத்தைத் திறந்தால் கொஞ்ச நேரத்தில் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள். பிறகு திரை இருட்டு.

கண்டியில் ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் போட்டுப் பார்த்தார். கோடும் இல்லை, இருட்டும் இல்லை. “நல்லாத்தானே வேலை செய்யுது மிஸ்?” என்றார். வீட்டுக்கு வந்து போட்டேன், கோடு. மறுபடி கொண்டுபோனேன், கோடு இல்லை. டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி அது அவர் மேசையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. “நீங்க சொல்றதப் பார்த்தா கிராபிக்ஸ் கார்டுதான். அது போர்டோட ஒட்டியிருக்கு. மாத்துற காசுக்கு இன்னொரு பழைய மெஷினே வாங்கலாம். ஆனா கோடு விழாம நான் எப்படி மிஸ் உறுதியாச் சொல்றது?”

எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. குண்டசாலைக் கரண்டில்தான் கோளாறு என்றார் அப்பா. பஸ் குலுக்கலில் ஏதோ கழன்ற வயர் ஒட்டிக்கொள்கிறதோ என்று, கதவைச் சாத்திக்கொண்டு லெப்டொப்பை மடியில் வைத்து ஆட்டிப் பார்த்தேன். கண் பட்டிருக்குமோ என்று தேசிக்காயும் சுற்றிப் போட்டேன். படித்தவள் செய்கிற வேலையா என்று கேட்காதீர்கள். இன்னொரு மெஷின் வாங்க வழியில்லாதவளுக்குத் தேசிக்காய் மலிவு.

அடுத்த முறை போனபோது நல்ல மழை. வழக்கமாகக் கடை வாசலிலேயே உறையைக் கழற்றிப் பையின் அடியில் திணித்துவிட்டுத்தான் உள்ளே போவேன். அந்தச் சிவப்புப் பைப்பிங்கோடு நாலு பேர் முன்னால் நிற்க எனக்கு வெட்கம். அன்று குடையோடு மல்லுக்கட்டியதில் சட்டையோடேயே மேசையில் வைத்துவிட்டேன். கடைக்காரர் கலர்ப் படத்தைத் திறந்தார். கொஞ்ச நேரம்தான், பச்சைக் கோடு! “பாருங்க, பாருங்க!” என்று நான் கத்தியதில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தன் சாமான் கெட்டுப்போனதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை அந்தக் கடை கண்டிருக்காது.

கடைக்காரர் அடியில் கை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார். “இதுக்கு ஏன் மிஸ் சட்டை போட்டிருக்கீங்க? இது மூச்சு விடுறதே அடியிலதானே?”

கழற்றிக் காட்டினார். அடிப்பக்கம் காற்றுப் போக வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். எல்லா ஓட்டைக்கும் இடம் விட்ட அப்பா, தூசு போகுமே என்று இவற்றை மட்டும் மூடியிருக்கிறார். ஆறவைத்துத் திரும்பப் போட்டோம். இந்தத் தடவை சட்டை இல்லாமலும் கோடு விழுந்தது.

“கவராலதான் போச்சா?” என்று கேட்டேன்.

“இருக்கலாம். பழைய மெஷின், தானாவும் போயிருக்கலாம். இன்னதுன்னு சொல்ல ஏலாது.”

அவர் கார்டை ஓஃப் பண்ணி, உள்ளேயே இருக்கிற சின்னக் கிராபிக்ஸில் ஓடும்படி வைத்துத் தந்தார். அதற்குப் பெரிதாக ஒன்றும் வாங்கவில்லை. இனிக் கோட்டுப் படம் வரையலாம், கலர் வீடு வராது.

அப்பா வாசலிலேயே நின்றார். “என்னவாம்மா?”

“சூடாகி கார்டு போயிருச்சாம்ப்பா.”

“ஏன் சூடாச்சு?”

பைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த ரெக்சினை அவரே பார்த்துவிட்டார். “நான் தச்சதாலயா?”

“இது மூச்சு விடுறது அடியிலயாம். ஆனா அதாலதானான்னு தெரியலப்பா.”

அது முழு உண்மை. இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. அவரோ தன் மனம் நோகாமல் பேசுகிறாள் மகள் என்றுதான் எடுத்துக்கொண்டார். ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து போனார். எனக்கு அழுகை வந்தது, அவர்மேல் கோபமும் வந்தது. கோபம் எதற்கென்று யோசித்தால் அதுவும் விளங்கவில்லை.

மறுநாள் வீட்டின் முன்தோற்றத்தைப் பெரிய தாளில் கோட்டுப் படமாகப் பிரிண்ட் எடுத்து வந்து, இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று உட்கார்ந்திருந்தேன். அப்பா ஒரு பெட்டி கலர்ப் பென்சிலோடு எதிர்க் கதிரையில் வந்து உட்கார்ந்தார். “சுவருக்கு என்ன கலர்?” என்று மட்டும் கேட்டார். சுவரையும் முற்றத்து மாமரத்தையும் நான் தீட்டினேன். கூரையை அவர் எடுத்துக்கொண்டு, ஓடு ஓடாக, கோட்டைத் தாண்டாமல் தீட்டினார்.

அந்தப் படத்தில் குசினி ஜன்னலில் விரலை வைத்து, “இது இன்னும் கொஞ்சம் பெருசா வரட்டும்” என்றார் அலவத்துகொட வீட்டம்மா. வேலை எனக்கே கிடைத்தது. அது பிறகு. படத்தைக் காட்டப் போன அன்று காலை நான் அதை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வானம் மூடியிருந்தது. அப்பா ஒரு பொலித்தீன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே தயங்கி நின்றார். எதற்கும் யாரையும் கேட்டு உறை போட்டவர் இல்லை அவர்.

“இது மூச்சு விடுறதில்லையேம்மா,” என்றார். “கவர் போடலாமா?”