இடலாக்குடிப் பாயாவும் எதிர்க்கடைச் சுக்குக்காப்பியும்

நாகர்கோவிலில் ஒரு வக்கீலிடம் நானும் இன்னொருவனும் எழுத்து வேலை பார்த்தோம். அவன் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரைக்காரன், மாதாகோவில் ஆள். நான் தோவாளை. சுத்த சைவக் குடும்பம். சம்பளம் இருவருக்கும் ஒன்றுதான், பசியும் ஒன்றுதான். ஆனால் ஊரில் நல்ல சாப்பாடு எல்லாம் அவனுக்கு, மிச்சம் எனக்கு என்று யாரோ பங்கு வைத்தது போல இருந்தது.

குறைந்த விலையில் நல்ல கடையைக் கண்டுபிடிப்பதில் அவன் எமகாதகன். பலகையைப் பார்க்கமாட்டான். வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துக் கட்டும் இடத்தைப் பார்ப்பான். பிறகு கடையின் பின்பக்கம் போய் எச்சில் இலைகளை எட்டிப் பார்ப்பான். இலையில் மிச்சம் கிடந்தால் அந்தக் கடை வேண்டாம். இப்படியே அலைந்து இடலாக்குடியில் ஒரு சாயிபு கடையைப் பிடித்தான். இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். ஒரு சக்கரக் காசுக்கு வயிறு நிறையும்.

எனக்கு வாய்த்ததோ சைவக் கிளப்புக் கடைகள். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். நானும் பின்பக்கம் போய் இலை பார்த்தேன். எல்லா இலையிலும் மிச்சம்தான்.

சாயந்தரம் வேலை முடிந்ததும் இருவரும் இடலாக்குடிக்கு நடப்போம். அவன் உள்ளே போவான். நான் எதிரே சுக்குக்காப்பிக் கடையில் உட்காருவேன். சாயிபு கடை வாசலில் பாதிக்கு ஓலைத்தட்டி தொங்கும். எனக்குத் தெரிந்தது பெஞ்சுக்கு அடியில் தொங்கிய கால்கள் மட்டும். மணம் மட்டும் தட்டியைத் தாண்டி வந்து மூக்கில் ஏறும். மல்லியும் தேங்காய்ப்பாலும் வேறென்னவோவும். சுக்குக்காப்பி அந்த நேரத்தில் கஷாயமாகக் கசக்கும். எனக்கு வயிறு எரியும். சொல்ல என்ன வெட்கம், அவன் ஏப்பம் விட்டால்கூடப் பொறாமையாக இருக்கும்.

"நீயும் வாலே மக்கா, உன்ன ஆரு பாக்கப் போறா?" என்பான்.

"எங்கப்பா அறிஞ்சா வெட்டிப் போட்டுருவாரு."

பொய் இல்லை. அப்பா பூத்தோட்டக்காரர். வாரம் ஒருமுறை கோட்டாற்றுச் சந்தைக்குப் பூ கொண்டு வருவார். வெளியில் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை என்று பெயர். வீட்டில் அவர் சாப்பிடும்போது யாரும் பேசக் கூடாது. பக்கத்தில் இலை போடவும் கூடாது. அவர் எழுந்த பிறகுதான் எங்களுக்குச் சோறு. அவர் சாப்பிடும் முகத்தை நான் நேராகப் பார்த்ததே இல்லை.

சாயிபு கடையில் ஒரு பெரியவர் சிநேகமாகிவிட்டார் என்று இவன் இடையிடையே பெருமையடிப்பான். வாரம் ஒரு தடவை வருவாராம். இவன் போகும்போதே உள்ளே இருப்பாராம், இவன் எழுந்த பிறகும் இருப்பாராம். கதை சொல்லிச் சிரிக்க வைப்பாராம். தன் கிண்ணத்து எலும்பை எடுத்து இவன் இலையில் வைப்பாராம். பாயாவும் கிடைத்து அதற்கு மேல் உபசாரமுமா! என்னால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுத் தெருவைக் கடந்தேன். வெட்டினால் வெட்டட்டும் என்று தட்டியை ஒரு விரல் விலக்கினேன்.

அவன் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

நெற்றியில் திருநீறு இல்லை. தாடையில் சாறு வழிந்திருந்தது. எலும்பை இலை ஓரத்தில் தட்டி, உள்ளிருந்ததை அவன் இடியாப்பத்தில் உதறி, "தின்னு மக்கா, இதுலல்லா ருசி இருக்கு" என்றார். சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவருக்குக் கடைவாய்ப்பல் ஒன்று இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. பாயாவின் மேல் அல்ல. அந்தப் பெஞ்சில் அவர் பக்கத்து இடத்தின் மேல். என் அப்பா, என்னை அழைக்கும் அதே 'மக்கா', எவனோ ஒருவனுக்கு.

ஒரு பாரவண்டிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அன்று அப்பா முந்தி வெளியே வந்து, துண்டால் வாயைத் துடைத்து, மடியிலிருந்து திருநீற்றை எடுத்து மூன்று கோடும் ஒழுங்காக இட்டுக்கொண்டு, எங்கள் வீட்டு அப்பாவாகி நடந்து போனார்.

பின்னாலேயே அவன் வந்தான். "நான் சொன்ன பெரியவரு அவருதான், பாத்தியா?"

"ஆருலே அவரு?"

"பேரு ஊரு சொல்லமாட்டாரு. மகன் பெரிய வக்கீலாம். சைவத்துல அணுவும் மாறமாட்டானாம். அவன் அறிஞ்சா வீட்டுப் படி மிதிக்கமாட்டான்னு பயந்துதான் ஒளிச்சு வாறாராம். அவனையும் ஒருநாள் பக்கத்துல இருத்தி இதத் தின்ன வைக்கணும்னு மனுசனுக்கு ஒரு கொதி. கேக்கதுக்குத் தைரியம் இல்லேங்காரு."

அந்தப் பெரிய வக்கீலாகிய நான் தெருவில் நின்றுகொண்டிருந்தேன். 'நீதான் என் பிள்ளை' என்று அவர் அவனிடம் சொல்லியிருந்தால்கூட இதைவிட ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பிறகும் நான் உள்ளே போகவில்லை. நான் ஏறினால் அவர் வருவதை நிறுத்திவிடுவார் என்று பயம். எதிர்க்கடையில் உட்கார்ந்து, தட்டிக்குக் கீழே தெரியும் கால்களில் அப்பாவின் கால்கள் எவை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவன் கால்கள்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போனபோது அப்பா தனியே சாப்பிட்டு எழுந்து, கை கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"டவுணுல கண்ட கடையில ஏறல்லியே மக்கா?"

"ஏறல்லப்பா."

உண்மையைத்தான் சொன்னேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.